துண்டு எங்கே?

வைகாசி, செவ்வாய்க்கிழமை

பிறஷர் பார்க்கும்போது நான் எப்போதும் வலக் கையைத்தான் நீட்டுவேன். இன்று கிளினிக்கில் இருந்த புது டொக்டரம்மா இடக் கையைப் பிடித்துவிட்டார். தோளுக்குக் கீழே இருந்த கட்டியைக் கண்டு, "இது என்னம்மா?" என்றார்.

"செல் துண்டு, டொக்டர். சண்டை நேரம் குண்டு வெடிச்சுத் தோளில பட்டது. எடுக்கேலாது எண்டு அப்பவே சொன்னவை."

அவர் விரலால் அழுத்தினார். கட்டி வழுக்கி விலகியது. நோகவில்லை.

"இது வெறும் கொழுப்புக் கட்டி, அம்மா. கான்சர் மாதிரியும் இல்லை. இரும்பெண்டா இப்பிடி மெத்தெண்டு இராது. கெதியாப் பெருத்தா, நொந்தா வாங்கோ."

"அப்ப துண்டு?"

கொஞ்சம் யோசித்தார். "அது வேற எங்கயோ இருக்கவேணும். திங்கக்கிழமை எக்ஸ்ரே படம் எடுத்துப் பாப்பம்."

மோட்டார் சைக்கிளில் கண்டாவளை வீட்டுக்கு வரும்வரை என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியே, கொழுப்பாம்! சும்மா பயந்தனி." துண்டு கையில் தட்டுப்பட்டவரை எனக்குப் பயமே இருக்கவில்லை என்பதை இந்த மனிசனுக்கு எப்படிச் சொல்வது?

இத்தனை வருடமும் இடக் கையால் ஒரு வாளி தண்ணீர் தூக்கவில்லை. அந்தப் பக்கம் சரிந்து படுக்கவில்லை. தினமும் தடவிப் பார்த்து, அங்கேயேதான் கிடக்கிறது என்ற நிம்மதியில் தூங்கினேன். பொத்திப் பொத்திக் காத்தது கொழுப்பை.

இப்போது முதுகில் ஏதோ குத்துவது போல இருக்கிறது. சற்று முன் நெஞ்சுப் பக்கம் குத்தியது. இவர் குறட்டை விடுகிறார். லைற்றை அணைக்க வேண்டும். எந்தப் பக்கம் சரிந்து படுப்பது என்றுதான் தெரியவில்லை.