கோரஸ் மைக்கும் புது ஹெட்போனும்

செப். 2, 98. புதன்.

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஈர யூனிஃபார்மையே போட்டுக்கொண்டு ஃபேக்டரிக்கு. இன்று செக்கிங் டேபிளில் ஒரே நீலச் சட்டை. நூல் வெட்டி வெட்டிக் கட்டைவிரல் எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா பாடிய விநாயகர் ப்ரோக்ராம் கேசட் வந்துவிட்டது. சவுண்ட் மிக்ஸர் பார்க்கும் பாஷா பாய் கொடுத்தனுப்பினார். வீட்டுக்காரர் பீன்யா கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாய், காலைக்கூடக் கழுவாமல், வாக்மேனில் போட்டுக் கேட்டார். முகம் கோணிக்கொண்டே போனது.

"கோமதி, இதுல நீ எங்க இருக்க?"

"ஹம்மிங்ல. கோரஸ்ல."

"ஹம்மிங் கேக்குது. உன் குரல் தனியா பிரிஞ்சு வரலையே."

வாக்மேனைக் குறை சொல்லிப் பயனில்லை. மெஜஸ்டிக் பிளாட்பாரத்தில் வாங்கியது. ஹெட்போன் பஞ்சு பிய்ந்து காதெல்லாம் ஆரஞ்சுத் தூள். யார் பாடினாலும் சளி பிடித்தவர் பாடுவது போல்தான் இருக்கும். புது செட்டுக்கெல்லாம் வழி கிடையாது. இருப்பதையே கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றலாம் என்கிறார்.

இவர் சொன்ன வரிசை: டேப் உரசும் ஹெட்டைத் துடைப்பது. நல்ல பேட்டரி செல். பிறகு ஹெட்போன். அதற்கும் மசியவில்லை என்றால் பாஷா பாயிடம் முதல் காப்பி.

மனுஷன் என் குரலைக் கேட்க இவ்வளவு மெனக்கெடுகிறார். வெளியில் சிடுசிடு என்றிருந்தேன். உள்ளுக்குள் பூரிப்பு.

செப். 3. வியாழன்.

ஸ்பிரிட், பஞ்சு, ஊக்கு. ஹெட்டைத் துடைத்ததில் பஞ்சு முழுக்கக் காப்பிப் பொடி நிறத்தில் அழுக்கு. சத்தம் கூடியது. என் குரல் பிரியவில்லை.

ஃபேக்டரியில் மத்தியானச் சாப்பாட்டின்போது கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு வைத்தியம்.

டெய்லர் சரோஜா: "கேசட்ட வெயில்ல வைக்காத, அவ்வளவுதான்."

லைன் சூப்பர்வைசர்: "குரோம் டேப்ல ஏத்தும்மா. சாதா டேப்ல ஹை ஃப்ரீக்வென்ஸி வராது."

ஹை ஃப்ரீக்வென்ஸி என்றால் மேல் ஸ்தாயியா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பிறகு இல்லை என்றார். எலக்ட்ரீஷியனோ எல்லாம் செல்லில்தான் இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி? எல்லாம் சரி போலவும் இருக்கிறது, எதுவும் சரியில்லை போலவும் இருக்கிறது.

பால், கடுகு, நீல நூல்கண்டு வாங்க மறந்தேன்.

செப். 5. சனி.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு எஸ்.பி. ரோடு. கடை கடையாக ஏறி இறங்கினோம். நாலாவது கடைக்காரர் "ஏனு பேக்கு?" என்று, என்ன வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கேட்க ஆரம்பித்து, நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தமிழுக்குத் தாவினார்.

"பேஸ் வேணுமா, ட்ரெபிள் வேணுமா சார்?"

"வாய்ஸ் வேணும்."

"எல்லாத்துலயும் வாய்ஸ் வருமே."

"லேடீஸ் வாய்ஸ். அதுலயும் பின்னாடி நிக்கறவங்க வாய்ஸ்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மூன்று ஹெட்போன் காட்டினார். ஒன்று பெரிசு, காதையே மூடுகிறது. ஒன்று காதுக்குள் சொருகுவது; எனக்கு நிற்கவில்லை. ஒன்று நடுத்தரம். ஏதோ ஓம்ஸ் கணக்குச் சொன்னார். அது கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா, கடைசிவரை புரியவில்லை. இவரும் புரிந்த மாதிரித் தலையாட்டினார். பெரிசையே பேரம் பேசி வாங்கினோம். இவர் மழைக்கோட்டுக்கு வைத்திருந்த பணம். மழை இன்னும் விட்டபாடில்லை.

செப். 6. ஞாயிறு.

இன்று ப்ரோக்ராம் இல்லை. இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு முதலில் நான் கேட்டேன்.

அப்பப்பா. தபேலா வேறு, கீபோர்டு வேறு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக. கூட்டத்தில் யாரோ விசிலடிப்பதுகூட. இவ்வளவு நாள் திரைக்குப் பின்னால் நின்று கேட்ட மாதிரி இருந்திருக்கிறது.

இரண்டாவது பாட்டு ஆரம்பத்தில் வரும் ஹம்மிங். நானும் சாந்தியும் சேர்ந்து பாடுவது. இதுவரை கேசட்டில் இதை எப்போது கேட்டாலும், கொஞ்சம் கனமாக வருவது நான் என்று நினைத்துக்கொள்வேன். இன்று அதே குரலுக்குப் பின்னால் கிணுகிணு என்று ஒரு சத்தம். கண்ணாடி வளையல்.

என் கையில் கண்ணாடி வளையல் கிடையாது. தைத்த துணியில் மாட்டிக் கிழியும் என்று ஃபேக்டரியில் விடுவதில்லை. ஒற்றைக் காப்புதான். அது எதோடு உரசிக் குலுங்கும்?

மைக்கைப் பிடித்த கையில் டஜன் வளையல் போடுவது சாந்தி.

மறுபடி கேட்டேன். மூன்று முறை. இட்லி அடிப்பிடித்தது.

இவர் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். "அடேயப்பா! இப்ப தெளிவா இருக்கு. இந்த ஹம்மிங் நீதானே?"

ஆமாம் என்றேன்.

ஏன் சொன்னேன்? அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. மழைக்கோட்டும் போச்சு. வாயில் வந்துவிட்டது.

செப். 7. திங்கள்.

போட்டுக் காட்டியிருக்கிறார்! கம்பெனி பஸ்ஸில் டிரைவரிடம் கேசட்டைக் கொடுத்து, பஸ் முழுக்க. ஹம்மிங் வரும்போது எழுந்து நின்று "இது எங்க வீட்ல பாடினது" என்றாராம்.

"எல்லாரும் கை தட்டினாங்கடி. ஃபோர்மேன் திரும்பிப் பார்த்து நல்லா இருக்குன்னாரு."

சந்தோஷப்படுவதா, மண்ணுக்குள் புதைந்துகொள்வதா? சிரித்து வைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டேன். அவர் குறையே சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

செப். 8. செவ்வாய்.

மனசுக்குள் வக்கீல் வேலை. சாந்தியின் வளையல் சத்தம் என் மைக்கிலும் விழுந்திருக்கலாம். பக்கத்தில்தானே நிற்கிறோம். புது ஹெட்போன் எனக்குப் பழகவில்லை. கேசட் இரண்டாவது காப்பி. நம் குரல் நமக்கே வேறு மாதிரித்தான் கேட்கும் என்பார்களே.

இடது வலது மாற்றி மாட்டிக் கேட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றேதான் வருகிறது.

செப். 9. புதன்.

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

பி சைடில் கடைசிக்கு முந்தின பாட்டு. அன்றைக்கு மேடையில் சாந்திக்கு நடுவில் இருமல் வந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். கோரஸ் நாலு வரியையும் நான் ஒருத்தியே எடுத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. முடிந்ததும் சாந்தி என் முதுகில் தட்டினாள்.

கேசட்டில் அந்த இடத்தில்: இருமல். பிறகு கீபோர்டு. கீபோர்டு. கீபோர்டு. பிறகு சாந்தி.

நான் பாடினேன். சத்தியமாகப் பாடினேன்.

மேடையில் எங்களுக்கு எதுவும் சரியாகக் கேட்காது. ஸ்பீக்கரெல்லாம் ஜனங்களைப் பார்த்து. நம் சத்தம் தொண்டையில்தான் தெரியும். அதை வைத்துத்தான் மூன்று வருடம் பாடியிருக்கிறேன்.

செப். 10. வியாழன்.

சாயங்காலம் ரிகர்சல். ஆர்க்கெஸ்ட்ரா நடத்தும் தயாளன் சார் வருவதற்கு முன் பாஷா பாயைப் பிடித்தேன். வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், கேசட்ல நான் வரலையே."

"அரே, என்னம்மா இப்போ கேக்குறே?" என்றார். பிறகு சுற்றுவதை நிறுத்திவிட்டார். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்மா."

"எது?"

"நம்ம மிக்ஸர்ல எட்டு லைன்தான். மொதல்ல உனக்கு ஒண்ணு இருந்துச்சு. தயாளன் சார் கீபோர்டு மாத்தினாரில்ல, புதுசு ஸ்டீரியோ. அதுக்கு ரெண்டு லைன் வேணும். உன்னுத எடுக்கச் சொன்னாரு."

"மைக் செக்கிங் பண்றப்ப கோரஸ் ஓகேன்னு கை காட்டுவீங்களே?"

"சும்மா காட்டுவேன்மா."

"அப்ப என் மைக் வயர்?"

"மேடைக்குக் கீழ வரைக்கும் வரும். அதுக்கு மேல எங்கயும் போகல."

சவுண்ட் நன்றாக இருக்க வேண்டும் என்று சார் கீபோர்டு மாற்றியது போன வருடம் உகாதிக்கு. அன்றைக்கு எல்லாருக்கும் நான்தான் ஸ்வீட் வாங்கி வந்தேன்.

செப். 11. வெள்ளி.

தயாளன் சாரிடம் கேட்டே விட்டேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து லோக்கல் கால்.

"மேடை நிறைஞ்சு இருக்கணும்மா. நாலு பேர் நின்னாத்தான் ஆர்க்கெஸ்ட்ரா. நீ லட்சணமா இருக்க, உதடு கரெக்டா அசையுது. அடுத்த சீசன்ல ஒரு தனிப்பாட்டு யோசிக்கலாம்."

போன சீசனிலும் இதேதான் சொன்னார். சரிங்க சார் என்று வைத்துவிட்டேன். என்ன சரி? பூத்துக்கு வெளியே வந்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். ஒரு ஆட்டோக்காரர் தன்னைத்தான் என்று நினைத்து முறைத்தார்.

குழப்பம். விட்டுவிடலாம். விட்டால் பாடவே இடம் இல்லை. அங்கே மட்டும் பாடுகிறேனா என்ன? எனக்கு உண்மையில் பாட வருமா? அந்த உகாதிக்குப் பிறகும் நல்லாப் பாடுற, நல்லாப் பாடுற என்றவர்கள் எதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்? இதுதான் பிடுங்கித் தின்கிறது. லைன் போனது பெரிசில்லை. நான் எப்படிப் பாடுகிறேன் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றும் பஸ்ஸில் கேட்டார்களாம், அடுத்த கேசட் எப்போது என்று.

செப். 13. ஞாயிறு.

ஜீவனஹள்ளி ப்ரோக்ராம். பந்தலில் தண்ணீர் சொட்டியது. பச்சைப் பட்டு நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஆரம்பிக்கும் முன் பாஷா பாயிடம் போய்க் கேட்டேன். "ஸ்பீக்கர்ல விட வேணாம் பாய். ரெக்கார்டிங்ல மட்டும் விட முடியுமா?"

தாடியைச் சொறிந்தார். "சார்கிட்ட சொல்லுவியா?"

"மாட்டேன்."

"ரெக்கார்டிங் டெக்குல ரெண்டு ஓட்டை இருக்கு. மிக்ஸரை வலது பக்கம் போட்டுட்டு உன் வயரை நேரா இடது பக்கம் சொருகறேன். எல்லாப் பாட்டுக்கும் கேக்காதே. ஒரு சைடு மட்டும்."

"ஒரு சைடு போதும்."

எதிரே ஜனம். ஒருத்தருக்கும் என் குரல் கேட்காது என்று தெரிந்தே பாடினது இதுதான் முதல் தடவை. இத்தனை கூட்டத்தை விட்டுவிட்டு அந்த ஒரு ஓட்டைக்குப் பயந்தேன். இரண்டு இடத்தில் மூச்சு பத்தவில்லை. உதடு அசைத்துவிட்டுப் போயிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று வழக்கமாகத் தோன்றியிருக்கும். இன்று தோன்றவில்லை.

கேசட் கையோடு வாங்கிக்கொண்டேன். வீட்டில் செல் தீர்ந்து கிடந்தது. நல்லதுக்குத்தான்.

செப். 14. திங்கள்.

வெயில். இவருக்கு செகண்ட் ஷிஃப்ட். காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் செல் வாங்கி வந்தார். நான் ஒன்பது மணிக்கு ஃபேக்டரி கேட்டில் இருக்க வேண்டும். டப்பா கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் முதலில் கேட்கவில்லை. தைரியம் இல்லை.

மாட்டினார். பட்டனை அழுத்தினார். நெற்றி சுருங்கியது.

"என்னடி, ரெண்டு பக்கமும் வேற வேற வருது?"

டப்பா மூடியை இறுக்கினேன்.

"இடது பக்கம் நீ," என்றார். நான் சொல்லவே இல்லை. "அடுப்புகிட்ட நின்னு பாடுவியே, அதே குரல். நீதான் இது."

அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பார் என்று நினைக்கவில்லை. தலையாட்டினேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பு மெல்லப் போனது.

"அப்ப பஸ்ல நான் போட்டது யாரு?"

"சாந்தி."

"முழுசாவா?"

"முழுசா."

எல்லாவற்றையும் சொன்னேன். வளையல், இருமல், எட்டு லைன், மேடைக்குக் கீழே முடியும் வயர். ஆமாம் என்று பொய் சொன்னதையும். திட்டுவார் என்று நினைத்தேன். பஸ் முழுக்க ஆட்கள், ஃபோர்மேன் வேறு. அவர்களுக்கு இனி என்ன பதில் சொல்வார்?

அவர் டேப்பை முதலிலிருந்து ஓட்டினார். வலது காதுப் பக்கத்தை மட்டும் கழற்றிக் கன்னத்தில் தள்ளிவிட்டு, இடது பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்கு பஸ் போய்விட்டது. உட்கார்ந்தே இருந்தேன். சைடு முடியும்வரை அசையவில்லை மனுஷன்.

"மூணாவது பாட்டுல, மேல போறப்ப சுருதி இறங்குது," என்றார்.

மூன்று வருடத்தில் என் பாட்டை ஒருத்தரும் குறை சொன்னது கிடையாது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். அவர் பயந்துவிட்டார்.

"இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கு. சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லாதீங்க. எந்த இடத்துல இறங்குது, இன்னொரு வாட்டி போடுங்க," என்று ஹெட்போனைக் கழற்றி நான் மாட்டிக்கொண்டேன்.