பேனாவில் எழுதிய ஐந்து சென்டிமீட்டர்

செவ்வாய், இரவு

இன்று ஒரு வரலாற்று முடிவு எடுத்திருக்கிறேன். பிரசவ வலி தெரியாமலிருக்க நான் போடும் எபிடூரல் ஊசி முதுகில் எவ்வளவு ஆழம் போகும் என்கிற உத்தேசத்தை இனிமேல் பேனாவால் எழுதமாட்டேன். பென்சில்தான்.

காலையில் பிரசவ வலியோடு முத்துச்செல்வி வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் இரும்புப் பாகங்களின் துளை ஆழத்தை அளக்கிற வேலை. அவள் எடையை வைத்துக் கணக்குப் போட்டு, ஐந்து சென்டிமீட்டர் என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன்.

"எவ்வளவு ஆழம் போகும் சார்?"

"ஏறத்தாழ அஞ்சு சென்டிமீட்டர்."

"ஏறத்தாழவா? எங்க லைன்ல கால் மில்லி கூடினாலே பீஸைத் தூக்கி வீசிருவாவ." வலிக்கு நடுவிலும் சிரித்தாள்.

"சிரிக்காதம்மா, முதுகு அசையுது."

பேனாவில் எழுதியதைக் கை அரசாணையாக எடுத்துக்கொண்டது. நாலு வரை தயங்காமல் தள்ளினேன். நாலிலேயே ஊசி வழியாகத் தண்டுவட நீர் தெளிவாகச் சொட்டியது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். எடுத்து, முதுகெலும்பில் ஓர் இடுக்கு மேலே மறுபடி போட்டேன். வலி அடங்கியது. மதியம் பெண் குழந்தை.

"அளவு சரியா வந்துச்சா சார்?" என்று கேட்டாள்.

"வந்துச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அந்த நீர் கசிந்தால் தலைவலி வரும். எல்லோருக்கும் வராது. சாப்பிடும்போதும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று—

இதை எழுதும்போதே, ஒன்பது மணிக்கு வார்டு நர்ஸ் போன் செய்தார். முத்துச்செல்வியால் தலையைத் தூக்க முடியவில்லை. படுத்தபடியே பால் கொடுக்கிறாள்.