தப்புகள் வைத்த படம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசு எப்படி என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் தாளில் எழுதி, நானே படமெடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். குடும்பக் குழுவில் போட்டுவிட மாட்டேன், பயப்படாதே.

பள்ளிக்கூட முனையில் இருக்கிற ஜூஸ் கடையில் புழு, குடித்த பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் என்று ஒரு படம் சுற்றுகிறதே, அதைச் செய்தது உன் தங்கைதான். பதறாமல் முழுதும் படி. பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆளுக்கொரு பொய்ச் செய்தி செய்துகொண்டு வாருங்கள், மற்றவர்கள் ஓட்டையைக் கண்டுபிடிக்கட்டும் என்றாராம் டீச்சர். எல்லோருக்கும் தெரிந்த கடையாக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று இந்தப் புத்திசாலி அந்தக் கடையை எடுத்திருக்கிறாள். வேண்டுமென்றே தப்புகளும் வைத்தாள், கடைப் பலகையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும், ஆஸ்பத்திரி என்று போட்ட பெயரில் ஊரில் ஆஸ்பத்திரியே கிடையாது, தேதியைப் பார்த்தால் கடைக்கு விடுமுறை நாள். பிள்ளைகள் சட்டென்று பிடித்துவிட்டார்களாம். டீச்சர் பாராட்டிவிட்டு, இத்தோடு அழித்துவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இவளுக்குத்தான் தலைகால் புரியவில்லை, அண்ணன் எத்தனை தப்பு கண்டுபிடிக்கிறான் பார்ப்போம் என்று உனக்கு அனுப்பினாள், அதையும் கீழே எழுதித்தான் அனுப்பினாள். நீ படத்தை மட்டும் எடுத்து, என் தங்கச்சி ஸ்கூல் பக்கத்துல நடந்தது, நம்பகமான தகவல், பிள்ளைங்களைப் பாத்துக்கோங்க என்று உன் பழைய மாணவர் குழுவில் போட்டாய். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் நீ சொன்னாய் என்பதால்தான் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

இப்போது மருந்துக் கடையில் என் கவுண்டருக்கே வருகிறார்கள், போன மாசம் அங்க ஜூஸ் குடிச்சேன், வயிறு என்னமோ பண்ணுது, பூச்சி மாத்திரை குடுங்க என்கிறார்கள். அதில் ஒரு அம்மாள் சாட்சிக்குப் போனை நீட்டினார், உன் குழுவில் நீ போட்டதை அப்படியே படமெடுத்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள், மேலே உன் பெயர். அங்கே ஜூஸ் கடையில் ஈ காக்கை இல்லை, பழமெல்லாம் அழுகிக்கொண்டிருக்க, மிக்சியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். இடத்துச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்கிறாராம். டீச்சர் அது பொய் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினார், புழு இல்லாத செய்தி யாருக்கு வேண்டும், அது நகரவே இல்லை. வெளியில் மூச்சு விடாதே, போலீஸ் அது இதென்று ஆகிவிடும் என்கிறார் அப்பா. சின்னவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அண்ணனுக்கே தெரியலன்னா நான் ரொம்ப நிஜம் மாதிரி செஞ்சுட்டேனாம்மா என்று கேட்கிறாள். அவன் சரியாகப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அவளுக்கு இன்னும் வலிக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று அப்பாவிடம் சொல்லாமல் அவளைக் கடைக்குக் கூட்டிப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், உன் பெயரை மட்டும் சொல்லவில்லை, யாரோ வெளியில அனுப்பிட்டாங்க என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கோபப்படவில்லை, பாடத்துக்குப் பண்ணினே, கிளாசுக்குள்ள இருந்திருந்தா எனக்கென்னம்மா, வெளியில விட்டவங்க ஒருதடவை எனக்குப் போன் போட்டு நெஜமான்னு கேட்டிருக்கலாமே என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை, என் பெரிய பையன்தான் என்று சொல்லிவிட்டேன். அவனா, ஸ்கூல் விட்டா இங்கதானே வந்து நிப்பான் என்றார். மறுபடி மிக்சியைத் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டார்.

அதே குழுவில் உன் பெயரிலேயே, பார்க்காமல் போட்டுவிட்டேன், அது பொய் என்று எழுது, சத்தமில்லாமல் அழித்துவிட்டு நழுவாதே. பிறகு அவரைக் கூப்பிடு, போன் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அதையும் படமெடுத்து அனுப்புகிறேன். தங்கையிடமும் பேசு, திட்டாதே. கடவுள் புண்ணியத்தில் நீ நல்ல வேலையும் நல்ல பெயருமாக நீடூழி வாழ வேண்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ பேசுவாய் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்காக அந்த மனுஷன் முன்னால் தலைகுனிந்து நின்ற
அம்மா