தரணியின் கடைவாய்ப் பல்

ஜூன் 4, செவ்வாய்
விடியும்போதே மழை. தேயிலைத் தோட்டத்துக் கைக்குழந்தைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு லீவு சொல்லிவிட்டு மகள் தரணியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு வாரமாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே துடிக்கிறாள். கீழ்க் கடைவாயில் ஓட்டை. ஒன்பது வயது. வரிசையில் மூன்று மணி நேரம். பல் டாக்டர் பார்த்தது ஒரு நிமிடம்.

"எடுத்துடுவோம்."

"பால் பல்லு இல்லீங்க டாக்டர். போனா முளைக்காதே. வேற வைத்தியம் இல்லீங்களா?"

"இருக்கு. நாலு தடவை வரணும். தோட்டத்து ஆளுங்க வரமாட்டீங்க. எடுத்தா தொல்லை முடிஞ்சுது."

இருக்கிறதாம்! துண்டுச் சீட்டைப் பறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் ஓடிவந்த சிங்கள நர்ஸ் இன்னொரு ஆஸ்பத்திரியின் பெயரை எழுதிக் கொடுத்தாள். நல்லா இருக்கட்டும்.

வீட்டில் இவர்: "எனக்குந்தான் நாலு பல்லு இல்ல. சோறு திங்கலையா?"

பேசினால் சண்டை. எனக்கும் அதே பல்லைப் பத்து வயதில் பிடுங்கினார்கள். இன்றுவரை ஒரு பக்கத்தால்தான் மெல்கிறேன்.

ஜூன் 6, வியாழன்
நர்ஸ் எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரிக்கு ஹட்டன் போய் இன்னொரு பஸ். டாக்டரம்மா யாழ்ப்பாணம். எக்ஸ்ரே படத்தைக் காட்டினார்.

"அம்மா, நரம்பு இன்னும் உயிரோட இருக்கு. வேரும் முழுசா வளரேல்லை. நரம்பின்ர பழுதான மேல்நுனியை மட்டும் எடுத்து மருந்து வைப்பம். மிச்சம் உயிரோட இருந்தா வேர் தானாய் வளரும். ஆனா ரத்தம் நிக்கோணும். நிக்காட்டி வேற மாதிரித்தான் பாக்கோணும்."

ஊசி. தோண்டல். உள்ளே சிவப்புப் புள்ளி. ஈரப் பஞ்சால் அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும். தரணியின் கால் விரல்கள் மடங்கிக் கிடந்தன. ஐந்து நிமிடம். பஞ்சை எடுத்தார். ரத்தம் நின்றிருந்தது. சீமெந்து போல ஒரு மருந்து, மேலே அடைப்பு.

"ஏனம்மா இவ்வளவு நாள் விட்டனீங்கள்?"

அவரிடமும் எரிந்து விழுந்தேன். "ஸ்கூலுக்குப் பல்லு பாக்க யாரு வந்தாங்க? நெனச்சப்ப லீவு யாரு தர்றா?" தலை குனிந்துகொண்டார். பாவம். ஆனாலும் நான் கேட்டது சரிதான்.

ஜூன் 7, வெள்ளி
கொழுந்தெடுக்கப் போகும் வழியில் கைக்குழந்தையைக் காம்பராவில் விட பரிமளா வந்தாள். கதையைச் சொன்னேன்.

"எம் மூத்தவளுக்குப் போன மாசம் அந்த டாக்டர்தான் அந்தப் பல்ல எடுத்தாரு. இப்படி ஒன்னு இருக்குன்னு சொல்லவே இல்லியே அக்கா."

பால் போத்தல் கழுவும்போது ஒன்றை உடைத்தேன்.

ஜூன் 20, வியாழன்
மறுபடி இரண்டு பஸ். மழை விட்டிருந்தது. குளிர்ப் பஞ்சை வைத்ததும் தரணி, "கூசுது!"

"உயிரோட இருக்கு," டாக்டரம்மா சிரித்தார். ஆறு மாதத்தில் இன்னொரு படம்.

சந்தோஷம். கோபம் மட்டும் குறையவில்லை. நாளை பரிமளாவோடு டவுன் ஆஸ்பத்திரி. அவளுடைய இரண்டாவது மகளுக்கும் பல்வலி. டாக்டரிடம் கேட்க வேண்டியவை:

1. நரம்பு உயிரோடு இருக்கிறதா, பார்த்தீர்களா?
2. வேர் வளர்ந்து முடிந்ததா?
3. பிடுங்காமல் என்ன செய்யலாம்?
4. உங்கள் பிள்ளை என்றால் பிடுங்குவீர்களா?

நாலாவதை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன், பெரிய எழுத்தில்.