கூடையில் கடைசிப் பறிப்பு

சித்திரை 18, வியாழன்

இன்று சொல்லாதது: அந்தக் கூடையில் பழங்களைப் பூசியது நான்.

காலையில் மூடுபனி. பத்து மணிக்கு வெயில், மூன்று மணிக்குத் தூறல். படக்கூடத்துக் கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. 9-ம் எண் படத்தை நகர்த்தியாயிற்று.

வேண்டியவை: சின்ன ஆணி, சணல் கயிறு, வாசலில் சேற்றுக்காலைத் துடைக்க இரண்டு சாக்கு.

வெள்ளைக்காரர்கள் படம் பார்க்கும் வாரம் நேற்றோடு முடிந்தது. இன்றிலிருந்து நான்கு நாள், வேலை விட்ட பிறகு, எஸ்டேட் ஆட்களுக்கு. துரைசாணியின் ஏற்பாடு. பழைய காப்பிக் கிடங்குக்குச் சுண்ணாம்பு அடித்துப் படக்கூடம் ஆக்கியதும் அவர்தான், சுவரில் உள்ள படங்களில் பெரும்பாலானவை அவர் எழுதியவைதான். என் வேலை: படங்களுக்குத் தமிழில் சீட்டு எழுதி ஒட்டுவது. வருகிறவர்களுக்கு விளக்குவது. அவர்கள் கேட்பதை இங்கிலீஷில் துரைசாணிக்குச் சொல்வது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் மகள், மிஷன் பள்ளியில் படித்தவள், கலியாணம் ஆகும்வரை சும்மா இருப்பவள். வேறு யார் கிடைப்பார்கள்.

முதல் கூட்டம் உள்ளே வந்து, காலையில் பேர் கொடுக்க நிற்பதுபோலச் சுவரோரம் வரிசையாக நின்றுவிட்டது. பிறகு துரையின் குதிரைப் படத்துக்கு முன்னால் ஒருவன்:

"ஏனுங்க, குதிரைக்கு மூணு காலுதான் இருக்குது."

"நாலாவது காலு மேஸ்திரிகிட்டப் பேரு குடுக்கப் போயிருக்குது."

மேஸ்திரியே சிரித்தார். அதற்கப்புறம் கூடம் முழுக்கப் பேச்சு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 23-ம் எண்ணுக்கு அவர்கள் வரும்வரை.

23-க்கு நான் எழுதிய சீட்டு: 'கூடையுடன் பெண்'. பெண் யாரென்று எழுதும்போதே தெரியும். செல்லி. போன புரட்டாசியில் பனிக்குள் விறகுக்குப் போனாள், திரும்பவில்லை. நான்கு நாள் தேடினார்கள். அருவிக்கு மேலே ஓடைப் பாறையில் அவள் தலையில் போட்டுப் போன கொங்காடை மட்டும், ஈரக் கம்பளியாகச் சுருண்டு கிடந்தது. அவள் அம்மா மாராயி ஐந்து மாதம் யார் சொல்லையும் ஏற்கவில்லை. உறவு முழுவதும் கூடிச் சொல்லி, மாசியில் கருமாதி செய்தாள்.

மாராயி இன்று வந்திருந்தாள். அழவில்லை. முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் குனிந்து கூடையைப் பார்த்தாள். நெடுநேரம்.

"பொன்னக்கா, இங்க வா. இது பழம்தானே?"

பக்கத்து வீட்டுப் பொன்னக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "பழம்தான். காஞ்சதும் கலந்திருக்குது. கடேசிப் பறிப்பு இது."

"பொரட்டாசியில ஏது பழம்?"

"பச்சைக் காயாட்டம் இருக்கும். எங்கிருந்து பழம் வரும்?"

ஒவ்வொருத்தியாக வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருத்திகூட மாற்றிச் சொல்லவில்லை. வருஷம் முழுக்க அந்தக் காப்பிச் செடிகளோடு இருப்பவர்கள். கடைசிப் பறிப்பு என்றால் தை. முந்தின வருஷத் தையாகவும் இருக்க முடியாது, படத்தில் உள்ள நெற்றித் தழும்பு போன ஆடியில் பட்டது. அப்படியானால் தை மாதத்தில் செல்லி உயிரோடு துரைசாணியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

மாராயி என் கையைப் பிடித்தாள். "அம்மணி, உசுரோட இருக்கற புள்ளைக்குக் கருமாதி பண்ணிப்புட்டேனுங்களே."

நடந்தது இது. துரைசாணி செல்லியை எழுதியது ஆவணியில். களையெடுக்கும் காலம், கூடை வெறும் கூடை. படத்தை முடித்தது தையில். வெறுங்கூடை சோகமாக இருக்கிறது, நீ ஏதாவது நிரப்பு என்றார். எனக்கு இரண்டு பிற்பகல். சிவப்பை மட்டும் வைத்தால் தட்டையாக இருந்தது. நிழலுக்காக அடியில் கொஞ்சம் கறுப்பு கலந்தேன்.

அந்தக் கறுப்பைத்தான் காய்ந்த பழம் என்கிறார்கள்.

சித்திரை 19, வெள்ளி

மழை இல்லை. கிராமபோன் நாள். ஊசி ஒன்று முறிந்தது.

துரைசாணியோடு விருந்தாளிகள் இருவர். மாராயி தலை வாரி, துவைத்த சேலை கட்டி வந்தாள். மூலையில் நின்று காத்திருந்தாள்.

"இது எப்ப எழுதுனதுன்னு துரைசாணியைக் கேட்டுச் சொல்லுங்க அம்மணி."

எப்போது ஆரம்பித்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். எப்போது முடித்தீர்கள் என்று கேட்டேன். ஜனவரி என்றார். தை என்று மாராயியிடம் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

காரணம் எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. அதற்குச் சற்று முன்புதான் விருந்தாளிகளில் ஒருவர், படத்திலேயே அந்தப் பழங்கள்தான் உயிரோடு இருக்கின்றன என்றார். துரைசாணி சிரித்தார், என் பக்கம் திரும்பவில்லை. அவர் கையால் எழுதியது என்றுதான் அட்டையில் அச்சாகியிருக்கிறது. அவர் முன்னால் நான்தான் பூசினேன் என்று எப்படிச் சொல்வது? அப்பாவின் வேலை அந்த பங்களாவிலிருந்து வருவது. அது ஒரு காரணம். இன்னொன்று, பாராட்டு என் காதில் இனித்தது. செல்லி காணாமல் போய் நான்கு மாதம் ஆன நிலையில் அவள் கூடையை நிரப்பினேன். பழம் நன்றாக வந்திருக்கிறது என்று சன்னலருகே கொண்டுபோய் வைத்து வைத்துப் பார்த்தேன்.

ஆவணியில் அவள் வீட்டில் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "அம்மணி, கால்ல எறும்பு ஏறிக் கடிக்குதுங்க. அசையக் கூடாதுங்கறாங்க, சாகறேன்" என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள். எனக்குச் சிரிப்பு. படத்தில் அவள் கண் தாழ்ந்திருப்பது அதனால். கூடையைப் பார்க்கிறாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவள் எறும்பைப் பார்க்கிறாள்.

சாயங்காலம் தனியாகக் கூடத்தைப் பூட்டினேன். மரக்கதவைச் சாத்தும்போது பழத்தோல் புளிக்கும் வாடை. கிடங்காக இருந்த காலத்து வாடை தரையில் ஊறியிருக்கும். இந்த இரண்டு வருஷத்தில் இதற்கு முன் எனக்கு அடித்ததில்லை.

சித்திரை 20, சனி

பனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் கொங்காடை போட்டு ஒருத்தி குந்தியிருந்தாள். நின்றுவிட்டேன். கிட்டே போனால் எரு மூட்டை, மேலே சாக்கு.

வாசகசாலையிலிருந்து எடுத்த நாவலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அறுபதாவது பக்கத்திலேயே நிற்கிறது.

மாராயி இன்று வேலைக்குப் போகவில்லை. பொன்னக்கா சொன்ன விவரம்: கருமாதிக்கு வைத்த படையல் சட்டியை உடைத்து எறிந்தாளாம். காலையில் செல்லிக்கு ஒரு தட்டில் களி போட்டு வைத்தாளாம்.

"அன்னிக்கு ஒரு சண்டைங்க அம்மணி. மாமனைக் கட்ட மாட்டேன்னு செல்லி ஒத்தைக்கால்ல நின்னா. 'அப்பறம் எதுக்கு என்ற ஊட்ல சோறு திங்கறே, வெளிய போடி'ன்னு இவ சொல்லிப்புட்டா. புள்ளை கொங்காடைய எடுத்துக்கிட்டு வெறகுக்குன்னு போனவதான்."

"இப்போ என்ன சொல்றாங்க?"

"என்ன சொல்றது. புள்ளை கோவத்துல கொங்காடைய ஓடையில போட்டுட்டு மாரமங்கலம் பக்கம் ஏதோ தோட்டத்துல பழம் பறிச்சிருக்கறா, துரைசாணி குதிரையில போறப்ப அங்க பாத்து எழுதியிருக்காங்கன்னு. பறிப்பு முடிஞ்சதும் அங்கிருந்து ஒரு கூட்டம் குடகுக்குப் போச்சுங்க. அதோட போயிருப்பான்னு. தேடிப் போறேங்கறா. கருமாதி பண்ணுன ஊட்டுக்குப் புள்ளை தானா வர மாட்டாளாம். பெத்தவ போயிக் கையப் புடிச்சுக் கூட்டியாரணுமாம்."

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. நான் பூசிய அந்தச் சிவப்பு ஒன்றுதான் பொய்.

சாப்பிடும்போது அப்பா: "மாராயி லீவு கேக்கறா. மழைக்கு முந்தி களையெடுக்க ஆளே பத்தல. அந்தப் படத்துல அப்படி என்ன இருக்குது கண்ணு?"

"ஒரு பொண்ணுங்கப்பா. கூடை வெச்சிருக்கறா."

இரண்டாம் முறை சொல்லாதது. இல்லை, மூன்றாம் முறை.

சித்திரை 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் ஆட்கள் குடியிருக்கும் லைனுக்குப் போனேன். மாராயி வீட்டில் மூட்டை கட்டியிருந்தது: ஒரு கம்பளி, தூக்குச்சட்டி, செல்லியின் பச்சை ரவிக்கை. பொன்னக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே சொன்னேன். ஆவணி, வெறுங்கூடை, தை, நான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். கையோடு கொண்டுபோன வர்ணப்பெட்டியைத் திறந்து காகிதத்தில் அதே சிவப்பைத் தொட்டு வைத்தேன். அடியில் கறுப்பு. மூன்று பழம் வந்துவிட்டது, ஒன்று காய்ந்த பழம்.

பொன்னக்காதான் முதலில்: "அப்பா சொல்லி உட்டாங்களாக்கும்? களையெடுக்க ஆளில்லைன்னு."

"இல்லைங்க. நானாத்தான் வந்தேன்."

"நேத்து கேட்டப்ப தைன்னு சொன்னீங்களே."

"முந்தாநாளுங்க. அது..." எப்படி விளக்குவது? நான் கேட்ட கேள்வி வேறு என்றா?

மாராயி காகிதத்தை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டாள். கோபம் இல்லை. குழந்தையிடம் பேசுவதுபோல: "அம்மணி, நீங்க பறிப்புக்குக் காட்டுக்குள்ள வந்ததுண்டா?"

"இல்லைங்க."

"கடேசிப் பறிப்புல காஞ்சது அடியில போவும், பழுத்தது மேல நிக்கும். கூடையக் குலுக்கிக் குலுக்கி நடக்கறதுல அப்படி ஆவும். பறிச்சவளுக்குத்தான் தெரியும் அது. உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

நிழல் என்றேன்.

"நெழலுங்களா." சிரித்தாள். "அவளே சொல்லிக் குடுத்திருப்பா சாமி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

நாவல்களில் உண்மையைச் சொன்னவள் மனம் இலேசாகி வீடு திரும்புகிறாள். நான் வர்ணப்பெட்டியை அங்கேயே மறந்துவிட்டுப் பாதி வழி வந்து, எடுக்கத் திரும்பிப் போகப் பயந்தேன். அவள் சொன்னதில் பாதியை நான் நம்பிவிட்டேன். அடியில் கறுப்பு, மேலே சிவப்பு. ஏன் அப்படி வைத்தேன்? வெளிச்சம் மேலிருந்து வருகிறது, அதனால். அவ்வளவுதான். அவ்வளவுதானா?

சித்திரை 22, திங்கள்

படங்களை இறக்கும் நாள். ஆணி பிடுங்கின இடமெல்லாம் சுண்ணாம்பு உதிர்கிறது.

விடிந்ததும் துரைசாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழங்கள் யார் பூசியவை என்று மாராயிக்குத் தெரிந்துவிட்டது என்றும். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் டீயைக் கலக்கினார். பிறகு எழுந்து போய் முதல் கோடுகள் போடும் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்தார். செல்லி, பென்சிலில். வெறுங்கூடை. பின்னால் செடியில் பொடிப்பொடியாகக் காய். கீழே அவர் கையெழுத்தில் ஆகஸ்ட் தேதி. கொண்டு போய்க் காட்டு என்றார்.

முதல் நாளே இதைக் கேட்டிருக்கலாம். அப்படி ஒரு நோட்டு இருப்பது எனக்குத் தெரியும். பென்சில்களைச் சீவிக் கொடுப்பதே நான்தான்.

ஓடினேன். சேலை முழுக்கச் சேறு. லைனில் பொன்னக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதவு வெளியே கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"கோழி கூப்பிடவே கெளம்பிட்டாளுங்க. அடிவாரத்துல குடகுக்கு ஆளு கூட்டிட்டுப் போற மேஸ்திரி ஒருத்தர் இருக்காராம்."

நோட்டைக் காட்டினேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவள் பார்த்ததும் கூடையை அல்ல, செடியை.

"காயி." விரலால் தொடாமல் காட்டினாள். "ஆவணிக் காயிதான்."

பிறகு: "இதைய நேத்தே கொண்டாந்திருக்கலாமுங்களே அம்மணி."

அப்பா ஒரு ஆளை அடிவாரத்துக்கு அனுப்பினார். அவன் பொழுது சாய வந்தான். மேஸ்திரியின் கூட்டம் மத்தியானத்துக்கு முன்பே வண்டி ஏறிவிட்டதாம். கம்பளி மூட்டையோடு ஒரு நடுத்தர வயதுப் பெண், பார்த்தவர்களுக்கு அவள் பெயர் தெரியாது, ஒரு காகிதத்தை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாளாம். என்ன காகிதம் என்று கேட்டேன்.

"மூணு பழம் வரைஞ்ச காயிதமுங்க."

வைகாசி 14, புதன்

மழை பிடித்துவிட்டது. படக்கூடம் பூட்டியே இருக்கிறது. துரைசாணி ஊட்டிக்குப் போயிருக்கிறார்.

குடகுக்கு அப்பா எழுதிய மூன்று கடிதங்களில் இரண்டுக்குப் பதில். செல்லி என்று யாரும் இல்லை. மாராயி என்றும் யாரும் வந்து சேரவில்லை.

மாராயியின் வீட்டை இன்று சமவெளியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள்.