மூன்று மணி நேரத்துக்கான ஐஸ்

வியாழன்.

அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டில் ஓட்டல் வைத்திருக்கும் நம்மூர்க்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வஞ்சிரம் கேட்டிருந்தார். நேற்று காசிமேட்டில், முதலாளியின் கொட்டகையில், தெர்மாகோல் பெட்டிகளில் மீனை அடுக்கினேன். பாதி ஐஸ் போடும்போதே முதலாளி மகன் தடுத்துவிட்டான்.

"போதும்க்கா, வெயிட்டு ஏறுது. பிளேன்ல மூணு மணி நேரந்தான். போன்லயே போட்டுகீது பாரு."

"நடுவுல வேற பிளேன்ல மாத்துவாங்களே, தம்பி?"

"உன்கு இன்னா தெரியும்?"

போன் காட்டியது நேராகப் பறந்தால் ஆகும் வெறும் தூரக் கணக்கு. இங்கிருந்து அந்த ஊருக்கு நேர் விமானமே கிடையாது. பெட்டிகள் கொல்கத்தாவில் இறங்கி ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கின்றன. இன்று கல்யாண வீட்டில் திறந்தால் ஒரே நாற்றம்.

என் எதிரிலேயே அவன் ஓட்டல்காரரிடம் போனில் சொன்னான்: "பேக்கிங் பண்ற பொம்பள ஐஸ கம்மியா போட்டுட்டா சார், பேஜாராப்பூடுச்சு. இப்பவே வேற அனுப்புறேன், மூணு மணி நேரத்துல வந்துடும்."

பதினெட்டு வருஷமாக ஐஸ் போடும் கை. அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அப்படி நின்றது அவனுக்குப் பயந்து இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.