கடைசி வரிசையில் கைதட்டியவள்

குல்ம்பாக்,
மே மாதம், ஞாயிறு மதியம்

அன்பு மகள் அல்மூட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய இடது முழங்கால் மட்டும் எங்கள் கட்சியில் இல்லை. ரோஸ்டாக்கில் நீ சுகமா என்று முறைப்படி கேட்க வேண்டும், ஆனால் செப்டம்பரோடு வேலை ஒப்பந்தம் முடிகிறவளிடம் கேட்டால் நக்கல் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு ரோஸ்விதா நேற்று வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன கெர்லிண்டா, உன் பொண்ணு இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்காளா?" என்றாள். நாற்பத்து மூன்று வயது, இரண்டு தடிப் புத்தகம், அவளுக்கு நீ இன்னும் மாணவி. பேராசிரியராகும் தகுதி வாங்கிவிட்டாள், பதவிதான் வரவில்லை, அந்தப் பட்டம் கையை விட்டுப் போகாமலிருக்க ஒவ்வொரு பருவமும் அதைக் கொடுத்த பல்கலைக்கழகம் இருக்கும் வேறு ஊருக்குப் போய் ஒரு வகுப்பைச் சம்பளமில்லாமல் எடுக்கிறாள், ரயில் செலவும் அவளுடையதுதான் என்று விளக்கினேன். "என் மருமகன்கூட இவ்வளவு ஏமாளி இல்லப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முந்நூறு வருடம் முன்னால் ரேகன்ஸ்பர்க் பேரரசுச் சபையில் எந்தத் தூதருடைய நாற்காலி கம்பளத்தின் மேல் நிற்கும், எவருடையது கம்பளத்தின் ஓரத்தில் நிற்கும் என்று அடித்துக்கொண்டதை நீ பதினைந்து வருடமாக ஆராய்கிறாய். எங்கள் ஊர் முயல் வளர்ப்போர் சங்க விழாவில் மேயர் பக்கத்தில் யார் உட்காருவது என்று நடந்த சண்டைக்கு மட்டும் எவனும் ஆராய்ச்சி நிதி தரவில்லை என்று அப்பாவுக்கு மனத்தாங்கல். இப்போது ஒரு பேராசிரியர் பதவிக்கான தேர்வுக் குழு உன்னை இரண்டாம் இடத்தில் வைத்திருக்கிறதாம், முதல் இடத்துக்காரர் அந்த அழைப்பைக் காட்டித் தன் பழைய இடத்திலேயே சம்பளம் ஏற்றிக்கொள்ளப் பார்க்கிறாராம், அவர் வாய் திறக்கும்வரை நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். அந்தப் பழைய சபை கலையாமல் நூற்று நாற்பது வருடம் உட்கார்ந்திருந்தது என்று நீதான் சொன்னாய். அது கலைந்துவிட்டது என்று உனக்கு யார் சொன்னது?

சரி, மனதில் இருப்பதையும் கொட்டிவிடுகிறேன். அந்தப் பதவிக்காக நீ சோதனைச் சொற்பொழிவு செய்தாயே, யாரும் வந்து கேட்கலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தது, எங்களிடமிருந்து ஒரு மணி நேர ரயில்தானே என்று கிளம்பி வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உட்காருகிற இடத்தை விட்டுக்கொடுத்தவன் வாக்குரிமையையும் விட்டுக்கொடுத்தான் என்று நீ விளக்கியபோது எனக்குப் புல்லரித்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன். நீ முடித்ததும் கை தட்டினேன். நான் மட்டும். மற்றவர்கள் எல்லாம் விரல் முட்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். படித்தவர்கள் பாராட்டுவது அப்படித்தான் என்று நாற்பது வருடம் முடி வெட்டும் கடையில் நின்றவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், நீயும் பார்த்தாய். பிறகு வெளியே குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே "யாருங்க அந்தம்மா?" என்று கேட்டதும், "தெரியலைங்க, உள்ளூர்க்காரங்க யாராவது இருக்கும்" என்று நீ சொன்னதும், தூணுக்குப் பின்னால் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. உனக்காகக் கொண்டுவந்த ஆப்பிள் கேக்கை ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் கொடுத்துவிட்டேன், பிரமாதம் என்றார். வலித்தது அல்மூட், இன்னும் வலிக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே உன்னை மன்னித்துவிடுவார், எனக்கு அதில் இஷ்டமில்லை.

அந்த மனிதருக்காகக் காத்திரு, காத்திருக்காமல் போ, அது உன் பாடு. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, பாதி இரவு வரை விளக்கெரியவிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. கடவுள் உனக்கு நல்ல உடம்பும் ஓய்வூதியத்தோடு ஒரு வேலையும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஜூன் மாதம் ட்ரியரில் உனக்கு இன்னொரு சோதனைச் சொற்பொழிவு இருக்கிறதாக அப்பாவிடம் போனில் சொன்னாயாமே. பயணச்சீட்டு வாங்கிவிட்டேன், இந்த முறை முன் வரிசையில் உட்காருவேன். யாராவது கேட்டால் "என் அம்மா" என்று சொல். அதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை.

பாசத்தோடும் கோபத்தோடும்,
உன் அம்மா
கெர்லிண்டா